மலையும் திரையும்



திரைப்படத்துக்குக் கதை எழுத வேண்டும், தாமே ஒரு படத்தை இயக்க வேண்டும் என்னும் ஆசை நகரத்து இளைஞருக்கு மட்டும் உரியதன்று. அட்டனிலும் தலவாக்கலையிலும் பொகவந்தலாவையிலும் நுவரெலியாவிலும், தேயிலைத் தோட்டத்து லயங்களிலே பிறந்து வளர்ந்த இளைஞர் பலர் அந்த ஆசையை நெஞ்சிலே வளர்த்து வருகின்றனர். பெண்களும் அவர்களுள் உளர். அவர்களிற் பலர் கூறும் குறை ஒன்று உண்டு. "எழுதுவதற்கு இங்கே என்ன இருக்கிறது? காலையிலே பெரட்டு, பகலெல்லாம் கொழுந்து, மாலையிலே நிறுவை, மறுநாளும் அதுவே" என்பதே அக்குறை. கதை சென்னையில் இருக்கிறது, அல்லது கொழும்பில் இருக்கிறது. மலையிலே இருப்பது மூடுபனியும் மழையுமே என்பது அவர்கள் எண்ணம். இந்த எண்ணம் சரிதானா என்பதை இன்று சற்று ஆராய்வோம்.

முதலில் ஒரு விந்தையைக் கவனியுங்கள். கதையே இல்லை என்று மலைநாட்டு இளைஞன் சொல்லுகின்ற அதே மலைக்கு, கடல் கடந்து வந்து படம் பிடித்தவர்கள் பலர். 1934ஆம் ஆண்டிலே பசில் றைட் என்னும் ஆங்கிலேயர் 'சோங் ஒவ் சிலோன்' என்ற விவரணப்படத்தை எடுத்தார். இலங்கைத் தேயிலையைப் பிரசாரம் செய்வதற்கென அமைந்த சபையின் பொருளுதவியால் உருவான படம் அது. விளம்பரத்துக்கென்று பிறந்தபோதிலும், கலைச்சிறப்பினால் உலகப்புகழ் பெற்றது. 1935இல் பிரசல்ஸ் நகரத்துத் திரைப்பட விழாவிலே பரிசும் பெற்றது. அதன் ஒரு பகுதிக்கு வாணிபத்தின் குரல்கள் என்று பெயர். மரமேறித் தேங்காய் பறிப்போரும் தேயிலையிலே உழைப்போரும் திரையில் தோன்றுகின்றனர். அதே வேளையில் நம் செவியில் விழுவது சந்தை விலைகளும், வணிகக் கடிதங்களும், கப்பற் செய்திகளும் ஆகும். கை ஒரு நாட்டில் உழைக்கிறது; குரல் வேறொரு நாட்டில் விலை பேசுகிறது. காட்சியும் ஒலியும் ஒன்றையே சொல்ல வேண்டுவதில்லை, ஒன்றோடொன்று முரணலாம், அம்முரணிலிருந்து ஒரு மூன்றாவது பொருள் பிறக்கும் என்பதைத் திரைக்கதை பயில்வோர் இந்தப் படத்திலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

எனினும் அப்படத்தின் விளக்கவுரை எங்கிருந்து வந்தது என்பதைக் கேளுங்கள். கண்டி இராச்சியத்திலே ஏறக்குறைய இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்பவர் 1681இல் வெளியிட்ட நூலிலிருந்து எடுத்த பகுதிகளையே, கொழும்புக் கலைஞரான லயனல் வென்ட் தமது குரலிலே வாசித்தார். ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் தேயிலையைப் பெருந்தோட்டமாகப் பயிரிட்டது 1867இலே. ஆகவே, தேயிலை வருவதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முந்திய ஒருவருடைய சொற்களே படத்தை நடத்திச் செல்கின்றன. கொழுந்து பறித்தவளின் உருவம் உலகமெங்கும் சென்றது. அவள் தன் வாழ்வைப் பற்றித் தானே சொல்லும் சொல் அந்தப் பயணத்திலே சேரவில்லை.

இருபது ஆண்டுகள் கழித்து, 1954இலே, 'எலிஃபன்ட் வோக்' என்னும் ஹொலிவூட் படம் வெளிவந்தது. தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் இங்கிலாந்திலிருந்து மனைவியை அழைத்து வருகிறார். அவருடைய பங்களா, யானைகள் காலங்காலமாக நடந்த பாதையின் குறுக்கே கட்டப்பட்டிருக்கிறது. அதுதான் கதையின் முடிச்சு. தோட்டத்திலே கொள்ளைநோய் பரவுகிறது, மக்கள் மாள்கின்றனர். ஆயினும் அந்நோயும் பங்களாக் கதைக்கு ஒரு திருப்பமாகவே பயன்படுகிறது. விவியன் லீ நடிக்கத் தொடங்கி, நோயுற்று விலக, எலிசபெத் டெயிலர் அவ்விடத்தை ஏற்றார் என்பதை உலகம் இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. லயத்திலே மடிந்த கதைமாந்தர் யாவர் என்று கேட்பார் இல்லை. பின்னர் 1957இலே டேவிட் லீன் எடுத்த 'த பிறிட்ஜ் ஒன் த றிவர் குவாய்' படத்துக்காக, அட்டனுக்குச் செல்லும் பாதையோரத்துக் கித்துல்கலையிலே பாலம் அமைத்தார்கள். அங்கே நமது களனி கங்கை சீயத்து நதியாக வேடம் புனைந்தது.

இவற்றைக் குறையாகக் கூறவில்லை. அயலார் தமக்கு வேண்டிய கதைக்குத் தமக்கு வேண்டிய இடத்தைத் தேடி வந்தார்கள், தேடியதைக் கண்டார்கள். ஆனால் ஓர் உண்மை இதனால் விளங்குகிறது. மலைநாடு நெடுங்காலமாகக் காட்சியாக இருந்திருக்கிறது, கதையாக இருக்கவில்லை. 'தூரத்துப் பச்சை கண்ணுக்குக் குளிர்ச்சி' என்பது பழமொழி. தோட்டத்து மக்களின் வாழ்வைப் பற்றிக் கோகிலம் சுப்பையா 1964இலே எழுதிய நாவலுக்குத் 'தூரத்துப் பச்சை' என்றே பெயர் வைத்தார். பாதையோரத்திலே நின்று பார்ப்பவனுக்கு மலை பச்சைக் கம்பளமாகத் தெரிகிறது. அந்தக் கம்பளத்துக்குள்ளே இடுப்பளவு செடிகளுக்கிடையில், படங்குச் சேலையைச் சுற்றிக்கொண்டு, அட்டை கடிக்க நிற்பவளுக்கு அது வேறொன்று. கமராவைப் பாதையோரத்திலிருந்து எடுத்து அந்த நிரைக்குள்ளே வைப்பதுதான் மலைநாட்டுத் திரைக்கதையாசிரியன் செய்ய வேண்டிய முதல் வேலை. இது சொல்லுவதற்கு எளிது, செய்வதற்கு அரிது.

அரிது என்பதற்குச் சான்று, நம்மவர் முயற்சிகளின் வரலாறே. புதுமைப்பித்தன் 1935ஆம் ஆண்டிலே 'மணிக்கொடி'யில் 'துன்பக்கேணி' என்ற கதையை எழுதினார். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து சேரும் ஒரு பெண்ணின் கதை அது. அவர் பின்னாளிலே திரைப்படத் துறையிலும் புகுந்தார். படங்களுக்குக் கதையும் வசனமும் எழுதினார். 'பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ்' என்ற பெயரிலே தாமே படம் எடுக்கவும் முனைந்தார். அம்முயற்சி கைகூடவில்லை. 'ராஜமுக்தி' படத்துக்கு எழுதுவதற்காகப் புனாவுக்குச் சென்றவர் நோயுடன் திரும்பி, 1948இலே தமது நாற்பத்திரண்டாம் வயதில் மறைந்தார். தோட்டத்துத் துயரத்தை அத்துணைக் கூர்மையாக எழுதத் தெரிந்தவர் கையிலே திரைப்படமும் இருந்தது. ஆனால் அக்காலத் திரையுலகம் அவரிடம் கேட்டது அரசர் கதைகளையும் புராணக் கதைகளையுமே. எழுத்தாளனிடம் சரக்கு இருந்தும், கேட்பவன் வேறு சரக்கைக் கேட்கும் நிலைமை அன்று மட்டும் இருந்ததன்று.

இலங்கையிலே தமிழ்ப்படம் தயாரிக்கும் முயற்சி 1960களிலே வேர்கொண்டது. 1962இலே 'சமுதாயம்' பதினாறு மில்லிமீற்றர் சுருளில் வெளிவந்தது. அடுத்த ஆண்டிலே, 1963இலே, கிருஷ்ணகுமார் 'தோட்டக்காரி' என்னும் படத்தை வெளியிட்டார். இந்நாட்டுத் தமிழ்த் திரைப்படத்தின் தொடக்கத்திலேயே ஒரு தோட்டத்துப் பெண்ணின் பெயர் நிற்பதை நாம் மறத்தலாகாது. பின்பு தொழிற்சங்கத் தலைவராக விளங்கிய வி. பி. கணேசன் 1975இலே 'புதிய காற்று' என்ற படத்தைத் தயாரித்து நடித்தார். தொழிலாளர் வாழ்வை அது கருவாகக் கொண்டது. 1978இலே 'நான் உங்கள் தோழன்', 1981இலே 'நாடு போற்ற வாழ்க' என்று அவர் தொடர்ந்தார். தென்னிந்தியப் படங்களோடு போட்டியிட்டு, சிறிய சந்தையை நம்பி, கைப்பொருளை இழக்கத் துணிந்து செய்த முயற்சிகள் இவை. பின்னர் 1983 ஜூலையிலே வீசிய வன்செயற் புயலிலே ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகம் எரிந்தது. படச்சுருள்கள் பல சாம்பராயின. முயற்சியின் தொடர்ச்சி அறுந்தது. இன்று எழுத வரும் இளைஞனுக்கு முன்னோர் போட்ட பாதை உண்டு. ஆனால் இடையிலே பெரும்பகுதி இடிந்து கிடக்கிறது.

இடிந்த பாதையிலிருந்து மீண்டு எழுந்தவர்களும் உளர். அவர்களை நோக்குவோம். முதற் சிங்களப் படமான 'கடவுணு பொறொந்துவ' 1947இலே வெளிவந்தது. எஸ். எம். நாயகம் என்ற தமிழர் மதுரைக் கலையகத்திலே தயாரித்த படம் அது. அதன்பின் ஏறக்குறைய பத்தாண்டுகள் சிங்களப் படங்கள் தென்னிந்தியக் கலையகங்களிலே, தென்னிந்தியப் படங்களின் அச்சிலே வார்க்கப்பட்டு வந்தன. அரசாங்கத் திரைப்படப் பிரிவிலே பணியாற்றிய லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ், வில்லியம் பிளேக், டைட்டஸ் தொட்டவத்த ஆகிய மூவர் வேலையை விட்டு வெளியேறி, 'ரேகாவ' என்னும் படத்தைக் கிராமத்திலேயே, திறந்த வெளியிலே எடுத்தனர். அது 1956இலே வெளிவந்தது. மறு ஆண்டு கான் திரைப்பட விழாவுக்குச் சென்றது. உள்ளூரிலே பணம் சேர்க்கவில்லை. ஆயினும் ஒரு நாட்டுத் திரைப்படத்தின் போக்கையே அது மாற்றியது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் வங்காளத்திலே சத்யஜித் ராய், விளம்பர நிறுவனத்து வேலையோடு வேலையாக, ஓய்வு நாட்களிலே படம் பிடித்துத் தொடங்கிய 'பதேர் பாஞ்சாலி' வெளிவந்திருந்தது. அதன் ஒளிப்பதிவாளர் சுப்ரத மித்ரா அதற்குமுன் திரைப்படக் கமராவை இயக்கி அறியாதவர்.

இவ்விரு படங்களின் கதைகளிலும் என்ன இருக்கிறது? ஒரு கிராமத்துச் சிறுவனின் கையிலே நோய் தீர்க்கும் வல்லமை உண்டென்று ஊரார் நம்புகின்றனர். மற்றொன்றிலே இரண்டு பிள்ளைகள் நாணற் புதருக்கு ஊடாக ஓடிப் புகையிரதத்தைப் பார்க்கின்றனர். இவற்றைவிடப் பெரிய நிகழ்ச்சி எந்தத் தோட்டத்திலும் நாள்தோறும் நடக்கிறது. ஆகவே, குறை நிகழ்ச்சியிலே இல்லை. நிகழ்ச்சியை நாடகமாகக் காணும் பார்வையிலே இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். மாலையிலே கொழுந்து நிறுக்கும் இடத்தை எண்ணிப் பாருங்கள். நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்று தோட்டம் ஓர் அளவை வகுத்திருக்கிறது. அளவை எட்டினால் முழுப்பேர், எட்டாவிட்டால் அரைப்பேர். ஈரத்துக்கென்றும் சாக்குக்கென்றும் நிறையிலே கழிவு உண்டு. ஒரு பெண் தராசின் முன்னே நிற்கிறாள். அவளுக்குப் பின்னே இருபது பேர் வரிசையாக நிற்கின்றனர். தராசின் முள் அசைகிறது. கணக்கப்பிள்ளையின் பேனா துண்டின் மேலே நிற்கிறது. பிள்ளைக் காம்பராவிலே விட்டு வந்த குழந்தைக்குக் காய்ச்சல் என்பதனால் அவள் அன்று இருமுறை மலையிறங்கிப் போய் வந்தவள் என்பது நமக்குத் தெரியும், தராசுக்குத் தெரியாது. இதிலே ஆசை உண்டு, தடை உண்டு, கால எல்லை உண்டு, தீர்ப்பும் உண்டு. திரைக்கதை நூல்கள் வேண்டுமென்று கூறும் அனைத்தும் ஐந்து நிமிட நேரத்திலே, ஒரே இடத்திலே, ஒரு சொல் வசனமும் இல்லாமலே நிகழ்கின்றன. என். எஸ். எம். இராமையா 'ஒரு கூடைக் கொழுந்து' என்ற சிறுகதையை எழுதியபோது இதனைக் கண்டுகொண்டார். கூடையின் நிறை ஒரு பெண்ணின் மானத்தோடு எப்படிப் பின்னிக் கிடக்கிறது என்பதை அறிந்தவர் அவர். அவர் வானொலி நாடகங்களும் எழுதியவர் என்பதை ஈண்டு நினைவு கூர்தல் பொருந்தும்.

வானொலி நாடகம் என்றதும் மற்றொன்று கூறத் தோன்றுகிறது. லயத்து வாழ்வு ஒலியினாலே நிறைந்த வாழ்வு. ஒரு காம்பராவுக்கும் அடுத்த காம்பராவுக்கும் இடையிலே ஒரு மெல்லிய சுவர்தான். அடுத்த வீட்டிலே அடுப்பு மூட்டுவதும், இருமுவதும், கணவனும் மனைவியும் குரலைத் தாழ்த்திச் சண்டையிடுவதும், பிள்ளை பாடம் படிப்பதும் இங்கே கேட்கும். சுவருக்கு அப்பாலுள்ள ஒரு குடும்பத்தின் முழுக்கதையையும் இப்பாலுள்ள ஒருத்தியின் முகத்தை மட்டும் காட்டியே சொல்லிவிடலாம். பணமில்லாத படத் தயாரிப்பாளனுக்கு இதைவிடச் சிறந்த வசதி வேறெது? ஒரு சுவர், ஒரு விளக்கு, ஒரு முகம், நான்கு குரல்கள், இவை போதும்.

இனி, கலைமரபு நமக்கு இல்லை என்று எண்ணுவோருக்கு ஒரு சொல். மலைநாட்டிலே காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகள் தலைமுறை தலைமுறையாக ஆடப்பட்டு வருகின்றன. தமிழகத்திலிருந்து வந்த மக்கள் மூட்டையோடு கொண்டு வந்த செல்வம் அது. காமன் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சிவனுடைய தவத்தைக் கலைக்க மன்மதன் புறப்படுகிறான். தீக்கனாக் கண்ட ரதி போகாதே என்று தடுக்கிறாள். தடுத்தும் போகிறான், நெற்றிக்கண்ணாலே எரிகிறான். ரதி புலம்புகிறாள். முடிவு யாவருக்கும் தெரியும். தெரிந்தும் ஆண்டுதோறும் மாசி மாதக் குளிரிலே இரவெல்லாம் விழித்திருந்து பார்க்கின்றனர். ஏன்? என்ன நடக்கும் என்பதற்காக அன்று; எப்படி நடக்கும் என்பதற்காக. கதையின் முடிவை மறைத்து வைத்தால்தான் சுவை என்று எண்ணும் இளைஞன் இதனை ஆழ்ந்து சிந்திக்க வேண்டும். மேலும் அக்கூத்துக்கு மேடை ஒன்றே அன்று. ரதியும் மன்மதனும் லயம் லயமாக, வாசல் வாசலாகச் செல்கின்றனர். பார்ப்போர் சூழ நிற்கின்றனர், உடன் நடக்கின்றனர். தப்பின் முழக்கம் மாறும்போது காட்சி மாறுகிறது. அருச்சுனன் தபசிலோ உயர்ந்த மரத்திலே பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுகிறான் நாயகன். பார்வையாளரின் தலையும் கூடவே நிமிர்கிறது. காட்சியை வெட்டுவது, தொடர்வது, அண்மையில் காட்டுவது, சேய்மையில் காட்டுவது ஆகிய யாவும் கமரா பிறப்பதற்கு முன்னரே கூத்தாசிரியருக்குத் தெரிந்திருந்தன. படப்பள்ளிக்குச் செல்ல வசதியில்லாதவன், வரும் மாசியிலே குறிப்பேட்டோடு ஓர் இரவு விழித்திருப்பானாக.

பாடல்களும் அவ்வாறே. வட்டகொடைக்கு அண்மையில் மடக்கும்புரைத் தோட்டத்திலே பிறந்து, 1947இலே தலவாக்கலைத் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராகத் தெரிவு செய்யப்பட்ட சி. வி. வேலுப்பிள்ளை, கவிஞராகவும் நாவலாசிரியராகவும் விளங்கியதோடு தோட்டத்து நாட்டார் பாடல்களையும் தேடித் தொகுத்தார். பாடியவர்களின் வாயிலிருந்தே எழுதிக்கொள்வது அவர் கண்ட வழி. எழுத்தாளன் முதலில் கேட்பவனாக இருத்தல் வேண்டும் என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இவ்வளவு வளம் இருந்தும் எழுதுவது எளிதன்று என்றேன். அந்தத் தடைகளையும் கூற வேண்டும். முதலாவது தடை அழகு. பனி மூடிய மலையையும் அருவியையும் பச்சைச் சரிவையும் கண்ட மாத்திரத்தே கமரா அங்கே நின்றுவிடுகிறது. கதைமாந்தன் காத்திருக்கிறான், படம் காட்சியில் மயங்கிக் கிடக்கிறது. அழகைக் காட்டவே கூடாது என்பதன்று. அதனைக் காண்பவன் யார் என்று கேட்க வேண்டும். கொழுந்து பறிப்பவளுக்குப் பனி என்பது அடுத்த செடி தெரியாத இடர். விறகு நனைந்த கவலை. அவள் கண்வழியாக வரும் பனி, சுற்றுலா அட்டையிலே வரும் பனி ஆகாது.

இரண்டாவது தடை இரக்கம். தோட்டத்துக் கதை என்றால் கண்ணீரே என்று முடிவு செய்துவிட்டு எழுதுவோர் உளர். அழுதுகொண்டே இருக்கும் மனிதரை எவரும் நீண்ட நேரம் பார்க்கமாட்டார். துன்பத்தைக் காட்டலாகாது என்று சொல்லவில்லை. பி. எச். டானியல் என்னும் மருத்துவர் ஆனைமலைத் தோட்டங்களிலே தாம் கண்டறிந்ததை வைத்து 1969இலே ஆங்கிலத்திலே எழுதிய நாவல், இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பிலே 'எரியும் பனிக்காடு' என்று தமிழுக்கு வந்தது. அதனைத் தழுவியே பாலா 2013இலே 'பரதேசி' படத்தை எடுத்தார். அக்கொடுமைகள் உண்மை, அவை சொல்லப்பட வேண்டியவை. ஆனால் லயத்திலே வாழ்ந்தவனுக்கு மற்றோர் உண்மையும் தெரியும். அங்கே கேலி உண்டு, போட்டி உண்டு, பொறாமை உண்டு, கங்காணியைப் போலப் பேசிக் காட்டிச் சிரிக்க வைக்கும் கிழவர் உண்டு, தீபாவளிக்கு ஒரு மாதத்துக்கு முன்னே தொடங்கும் கனவு உண்டு. இவற்றை வெளியிலிருந்து வருபவன் எழுத இயலாது. உள்ளே இருப்பவனுக்குத்தான் அந்த உரிமை. அவனுக்குத்தான் அந்தக் கடமை.

மூன்றாவது தடை மொழி. திரையிலே பேசப்படும் தமிழ் என்றால் சென்னைத் தமிழ் என்று செவி பழகிவிட்டது. மலைநாட்டுப் பேச்சிலே தமிழகத்து மாவட்டங்களின் வழக்கும், சிங்களச் சொற்களும், துரைமார் காலத்து ஆங்கிலச் சொற்களின் உருமாற்றமும் கலந்து ஒரு தனிச்சுவை விளைந்திருக்கிறது. பெரட்டு என்றும் காம்பரா என்றும் படங்கு என்றும் கூறும்போதே ஒரு வரலாறு பேசுகிறது. அதனைத் திருத்தி எழுதினால் கதைமாந்தன் வேற்றாளாகி விடுகிறான். வெளியூரார்க்கு விளங்குமா என்ற அச்சம் வேண்டாம். பொருளைக் காட்சி விளக்கும். சொல் தன் மணத்தை மட்டும் தந்தால் போதும்.

இத்தடைகளை வெல்லுவதற்கு நான் கூறும் வழி ஒன்றே: சிறிதாகத் தொடங்குங்கள். மூன்று மணி நேரக் கதையை எண்ணி ஏங்க வேண்டாம். பத்து நிமிடம், ஓர் இடம், இரண்டு பேர் என்று எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். எல்லை சிறையன்று, வயலுக்கு வரப்பு எத்தகையதோ அத்தகையது. இன்று கமரா கைத்தொலைபேசியிலேயே இருக்கிறது. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அலுவலை விட்டுத்தான் படம் எடுக்க முடிந்தது. இன்று அலுவல் முடிந்து வந்த மாலையிலே எடுக்கலாம். கருவி எளிதாகிவிட்டமையால் இனிமேல் சாக்குச் சொல்லுவதற்கு இடமில்லை. குறையிருப்பின் அது எழுத்திலே இருக்கும்.

எதை எழுதுவது என்று இன்னமும் கேட்போருக்கு ஒரு கருவைக் கூறி முடிக்கிறேன். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தினால் மலைநாட்டு மக்களிற் பெரும்பாலோர் நாடற்றவராயினர். 1964 ஒக்ரோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தத்திலே கையொப்பமிட்டனர். ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரிலே 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் முடிவு செய்யப்படும் என்பது கணக்கு. கணக்கு தில்லியிலே முடிந்தது. அதன் பொருள் மலையகத்துப் புகையிரத நிலையங்களிலே விளங்கியது. பெற்றோருக்கு ஒரு நாடு, மணமுடித்த மகளுக்கு மற்றொரு நாடு என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாருக்குப் புறப்பட்ட வண்டியை மக்கள் 'ஒப்பாரிக் கோச்சி' என்றே அழைத்தனர், மு. சிவலிங்கம் தமது சிறுகதைத் தொகுதிக்கு அப்பெயரையே இட்டார். தலைமன்னாரிலிருந்து 'இராமானுஜம்' கப்பலிலே இராமேசுவரம் சேர்ந்தவர்களிற் பலர், நீலகிரியிலே மீண்டும் தேயிலைச் செடிகளுக்கிடையிலேயே வேலை தேடிக்கொண்டனர்.

அந்த மேடையிலே நின்ற ஒருத்தியை எண்ணுங்கள். கையிலே ஒரு தகரப்பெட்டி. பெட்டிக்குள்ளே என்ன எடுத்து வைத்தாள், எதை எடுக்காமல் விட்டாள்? வளர்த்த பசுவை யாரிடம் ஒப்படைத்தாள்? வண்டி நகரும்போது யார் முகத்தைப் பார்த்தாள், யார் முகத்தைப் பார்க்க அஞ்சினாள்? இந்த வினாக்களுக்கு விடையை எந்த ஒப்பந்தத்திலும் காண முடியாது. விடை தெரிந்தவர்கள் நம்மிடையே இருக்கின்றனர். அன்று வண்டியேற்றிவிட்டு வீடு திரும்பிய இளைஞரும் யுவதியரும் இன்று எழுபது வயதைத் தாண்டியவர்கள். 2023ஆம் ஆண்டிலே, இருநூறு ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் முன்னோர் நடந்த வழியிலே மக்கள் கால்நடையாக நடந்தனர். வழியை மீண்டும் நடக்கலாம். நினைவை, அதனை உடையவர் மறைந்த பின்னர், மீண்டும் பெற இயலாது.

ஆதலின், திரைக்கதை எழுத விரும்பும் மலைநாட்டு இளைஞரே, யுவதியரே, இவ்வாரத்திலே உங்கள் லயத்திலுள்ள ஒரு முதியவரிடம் சென்று அமருங்கள். கமராவை உடனே எடுக்க வேண்டாம். தேநீர் ஆறும் வரையிலும் கேளுங்கள். அவர் சொல்லுவதை எழுதுங்கள். சொல்லாது நிறுத்திக்கொண்ட இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உங்கள் படம் அந்த நிறுத்தத்திலேதான் தொடங்கும்.